வெள்ளைத் துணி கட்டிய வாணலி

எங்கள் சமையல் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்துவிட்டார். இப்போது பைபாஸ் ரோட்டில் வேனை நிறுத்தி மீனும் எறாவும் பொரித்து விற்கிற பிள்ளைகள் நிறையப் பேர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்களாம். அந்தத் தொழிலை அந்தக் காலத்திலேயே இந்த ரோட்டில் செய்தவன் நான் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாக நாலு சம்பவம் எழுதிக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். அதோடு விடாமல் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அப்படி ஒரு வேனையும் காட்டினார். வேனுக்கு உள்ளே இரண்டு அடுப்பு. ஒன்றின் மேல் ‘சைவத்துக்குத் தனி எண்ணெய்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கையில் கொடுத்த தட்டை அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். வயசாயிற்று, வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

பெருமையான சம்பவங்களும் இருக்கத்தான் செய்கின்றன. மதராஸிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் செங்கல்பட்டிலேயே பசித்தாலும் அடக்கிக்கொண்டு எங்கள் வண்டிக்கு வந்துதான் சாப்பிடுவார்கள். அதையெல்லாம் எழுதினால் மலருக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேனாவை எடுத்தால் கை அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. பெருமையை இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஒலக்கூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா பண்ணை வேலை. சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்றாலும் ஊர் டீக்கடையில் எங்கள் தெருவுக்குத் தனித் தம்ளர்தான். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். பதினெட்டு வயதில் இனி அந்தத் தம்ளரைத் தொடுவதில்லை என்று திண்டிவனத்துக்கு நடந்து வந்தவன், கண்ணில் பட்ட வேலைகளையெல்லாம் செய்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் ஜமால் பாயிடம் போய்ச் சேர்ந்தேன்.

ஜமால் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். சின்ன வயதில் சைகோனுக்குப் போய் ஓட்டல்களிலும் கப்பல்களிலும் சமைத்தவர். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியதும் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஒரு லாரியை வாங்கி, அதன் பக்கவாட்டுத் தகரத்தை வெட்டிக் கீல் வைத்து, தூக்கினால் பந்தலாகவும் இறக்கினால் கதவாகவும் ஆகிறபடி செய்திருந்தார். கூட்டேரிப்பட்டுக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் டிரங்க் ரோட்டு ஓரம் ஒரு பெரிய புளியமரம் உண்டு. அதன் நிழலில்தான் வண்டி நிற்கும். லாரிக்காரர்கள், பிளஷர் காரில் போகிற குடும்பங்கள், கோயில் குளம் என்று கிளம்பினவர்கள், எல்லோருக்கும் அது வண்டிக் கடை. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. எண்ணெய் வாசனை அரை மைல் தூரத்துக்கு முன்பே சொல்லிவிடும்.

வேலை பழகியதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு வருஷம் செதில் தேய்த்தேன், ஒரு வருஷம் மசாலா அரைத்தேன், மூன்றாவது வருஷம் அடுப்பில் நிற்கவிட்டார். ஆனால் பாயின் முறையைச் சொல்லியாக வேண்டும். மரக்காணத்துக் கடற்கரை மீன் திண்டிவனத்துக்கு முதல் பஸ்ஸில் ஓலைக் கூடையில் வரும். அங்கிருந்து சைக்கிளில் எங்களுக்கு. பாய் கூடையைக் கொட்டச் சொல்லமாட்டார். ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றில் கட்டைவிரலை அழுத்துவார், குழி எழும்பி வந்தால்தான் உள்ளே. பிறகு மூன்று தண்ணீர். முதல் தண்ணீரில் கல்லுப்பு, இரண்டாவதில் மஞ்சள், மூன்றாவதில் புளிக்கரைசல். மசாலா தடவி அரை மணி நேரம் மரத்தடியில் மூடி வைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்த அரை மணி அரை மணிதான். “ஜல்தி வேணும்னா முறுக்கு துன்னுட்டுப் போவச் சொல்லு” என்பார்.

பொரிக்கும்போது பாய் அடுப்பைப் பார்க்கவே மாட்டார். ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு சத்தத்தைக் கேட்பார். சடசடப்பு அடங்கிச் சின்னதாக ஒரு முணுமுணுப்பு வரும். அப்போது எடுக்க வேண்டும். நான் தாமதமாக எடுத்தால் திட்டமாட்டார். கிட்டே வருவார், அந்தத் துண்டை இலையிலிருந்து எடுப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், குப்பைத் தொட்டியில் போடுவார், கையைக் கழுவிக்கொண்டு அவரே இன்னொரு துண்டைப் பொரித்து வைத்துவிட்டுப் போவார். அன்று பூராவும் என்னிடம் பேச்சு இருக்காது. நாலு அறை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த மௌனத்துக்கு நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு நடந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

வண்டியிலிருந்து இருபது தப்படி தள்ளி, காற்று வரும் பக்கமாக, பாய் இன்னொரு அடுப்பு போட்டிருந்தார். குடும்பமாக வருகிறவர்களில் மீன் தொடாதவர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்களுக்காக. அதற்கென்று ஒரு வாணலி, ஒரு கரண்டி, தனியாக மல்லாட்டை எண்ணெய், இப்போது கடலை எண்ணெய் என்கிறார்களே, அது. வாணலியின் பிடியில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். அதில் வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, அவ்வளவுதான்.

அந்த அடுப்பு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தனித் தம்ளரிலிருந்து தப்பித்து வந்தவனைக் கொண்டுபோய்த் தனி வாணலிக்கு முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்கும். ஒருநாள் என் தம்ளர் கதையைச் சொல்லி வாய்விட்டுக் கேட்டே விட்டேன், ஏன் பாய் இவர்களுக்கு மட்டும் இந்த உபசாரம் என்று. அவர் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“சைகோன்ல ஒருத்தன் எனக்குக் கோழின்னு சொல்லிப் பன்னி குடுத்தான்டா. துன்னு முடிச்சப்புறம் சிரிச்சிக்கினே சொன்னான். மூணு நாளு வெரல உட்டு உட்டு வாந்தி எடுத்தேன். வயித்துல ஒண்ணுமில்ல, ஆனா போவல அது. உன் தம்ளரு உன்னைக் கேவலப்படுத்த வச்சது. இந்தச் சட்டி அவங்க கேட்டு வச்சது. ரெண்டும் ஒண்ணில்ல.”

கேட்டுக்கொண்டேன். புரிந்ததாகத் தலையையும் ஆட்டினேன். மனசுக்குள், போடா, தம்ளருக்கும் சட்டிக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசி. ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மாத் தொழுகைக்குத் திண்டிவனம் போயிருந்தார். மத்தியானம் ஒரு கல்யாண கோஷ்டி இரண்டு பஸ் நிறைய வந்து இறங்கிவிட்டது. எல்லோருக்கும் எறா வேண்டும், உடனே வேண்டும். ஒரு வாணலியில் எவ்வளவு போட முடியும். நான் இருபது தப்படி நடந்துபோய், வெள்ளைத் துணியை அவிழ்த்து மரக்கிளையில் மாட்டிவிட்டு, அந்த வாணலியை எண்ணெயோடு தூக்கிக்கொண்டு வந்தேன். நாலு தடவை எறா பொரித்தேன். கோஷ்டி போன பிறகு எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டினேன். வாணலியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன். அதே எண்ணெயை அதிலேயே ஊற்றினேன். வெள்ளைத் துணியை எடுத்து மறுபடியும் பிடியில் கட்டினேன். பாய் கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சு போட்டேன். நாளைக்குப் புது எண்ணெய் வாங்கி மாற்றிவிடலாம், இன்றைக்கு யார் பஜ்ஜி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பாய் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். ஐந்தரை மணி இருக்கும், ரோட்டில் இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம், பருத்திப் புடவை. கூட வந்த பெண் அவர் மகள், பெயர் பத்மா. வாயும் வயிறுமாக இருந்தாள், ஏழு மாசம் சொல்லலாம். வாடகைக் கார் அச்சு முறிந்து அரை மைலுக்கு அப்பால் நின்றுவிட்டதாம். டிரைவர் சாமான் வாங்கத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறியவன் இன்னும் வரவில்லை. கட்டுச்சோறு வெயிலில் ஊசிப்போய்விட்டது. காலையிலிருந்து இரண்டு பேரும் பட்டினி.

அவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள், மேல்சித்தாமூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அந்த அம்மா சொன்னதும் பாய்க்கும் எனக்கும் விஷயம் விளங்கிவிட்டது. எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடவும் மாட்டார்கள். இப்போது விட்டால் அந்தப் பெண் மறுநாள் பொழுது விடிகிறவரை பட்டினிதான். சூரியன் மேற்கே பனைமரத் தலை உயரத்துக்கு இறங்கியிருந்தது.

மீன் வண்டி என்று தெரிந்ததும் அந்த அம்மா திரும்பிப் போகத்தான் பார்த்தார். பத்மா புளியமர வேரில் உட்கார்ந்துவிட்டாள், முகம் வெளுத்திருந்தது. பாய்தான் கூப்பிட்டுத் தள்ளி இருந்த அடுப்பைக் காட்டினார். “அந்தச் சட்டிக்கு நான் ஜவாப்தாரிம்மா” என்றார். அவர் அப்படிச் சொன்னபோது நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். பாய், மத்தியானம் இப்படி ஆகிவிட்டது என்று நாலு வார்த்தை. தண்ணீர் குடிக்க வாங்கிவைத்த புதுப் பானை ஒன்று வண்டியில் இருந்தது. வாழைக்காயை அதில் போட்டு உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்தது, அதற்குப் பொழுதும் இருந்தது. இந்த யோசனை எனக்கு வந்தது மறுநாள். அன்றைக்கு என் புத்தியில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். பாய்க்குத் தெரிந்துவிடக் கூடாது.

அந்த அம்மா அடுப்பருகே வந்து நின்றார். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். நிலம் உள்ளவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தான். அவர் அதைக் கேட்கவே இல்லை.

“ஏம்பா, இந்தச் சட்டில மீனு போட்டதுண்டா?”

இல்லீங்கம்மா என்றேன். எண்ணெய் எப்படி என்று கேட்டார். இதற்கென்றே வைத்தது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“என் பொண்ணு ரெண்டு உசுரா இருக்குறா. உன்னை நம்பித்தான் குடுக்கறேன். சத்தியமா சொல்லு.”

“சத்தியமாங்கம்மா.”

மாவைக் கரைத்தேன். வடிகட்டின எண்ணெயில் எறா வாசனை லேசாக இருந்தது, எனக்குத் தெரிந்தது. அதனால் ஓமத்தை இரண்டு மடங்கு போட்டேன், பெருங்காயத்தையும் தாராளமாகக் கரைத்து ஊற்றினேன். அவசரத்தில் செய்த தப்பு என்று என்னால் சொல்ல முடியாது, ஓமத்தை அளந்து போட்டவன் நான். முதல் பஜ்ஜியை அந்த அம்மா வாங்கிக்கொண்டார். தப்பு ஏதாவது இருந்தால் அது முதலில் தன்னைச் சேரட்டும் என்று சொல்லிவிட்டு வாயில் போட்டார். “ஓமம் தூக்கலா இருக்குது, வயித்துக்கு நல்லது” என்று சொல்லி மகளுக்கு இலையில் வைத்துக் கொடுத்தார். பத்மா ஒன்பது தின்றாள். தின்னத் தின்ன அவள் முகத்தில் ரத்தம் ஊறி வந்தது. சூரியன் மறைவதற்குள் இருவரும் வாய் கொப்பளித்துவிட்டார்கள். போகும்போது அந்த அம்மா என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உன் கை நல்லா இருக்கணும் முத்து என்றார்.

இலையில் ஒரு பஜ்ஜி மிச்சம் இருந்தது. பாய் அதை எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓமம் ஜாஸ்தியா இருக்குதே” என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் அந்த எண்ணெயைப் பள்ளத்தில் கொட்டினேன். வாணலியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று இன்னொரு பொய்யைச் சொல்லிப் புதுசு வாங்க வைத்தேன். பாய் ஓட்டை எங்கே என்று கேட்காமல் வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. பாய், வெள்ளிக்கிழமை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“என்கிட்ட சொல்லாதடா. நான் துன்னா எனக்கு ஒண்ணுமில்ல. துன்னக் கூடாதவங்க துன்னுட்டுப் போயிருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு.”

அவர்களை இனிமேல் எங்கே பார்க்கப்போகிறோம் என்ற தைரியத்தில் சரி என்றேன். அடுத்த வருஷம் கோயில் திருவிழாவுக்குப் போகிற வழியில் கார் வந்து நின்றது. அந்த அம்மா, பத்மா, இடுப்பில் பெண் குழந்தை. கூடவே உறவுக்காரர்கள் ஒரு கார் நிறைய. எனக்கென்று ஒரு பை பச்சை மல்லாட்டை. வாணலியின் பிடிக்குக் கட்டப் புதுசாக ஒரு முழம் வெள்ளைத் துணி. ‘அந்த ஓமம் போட்ட பஜ்ஜி’ வேண்டும் என்றார். புது வாணலி, புது எண்ணெய், அதில் இரண்டு மடங்கு ஓமத்தைப் போட்டுப் பொரித்துக் கொடுத்தேன். சுத்தமான எண்ணெயில் மறைக்க ஒன்றும் இல்லாதபோது அத்தனை ஓமம் எதற்கு. அவருக்குப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து வருஷம் தவறவில்லை. வெளியே எங்கும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களையெல்லாம் என் அடுப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். “இவன் கை சுத்தம். நானே கேட்டுத் தெரிஞ்சுக்கினேன்” என்று அவர்களிடம் சொல்வார். எங்கள் தெருவில் பிறந்தவன் கையைச் சுத்தம் என்று நாலு பேர் நடுவில் ஒருவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதைக் கேட்கும்போது உள்ளே குளிரும். குளிர்ந்த உடனே எரியும். உண்மையைச் சொன்னால் அது முத்து செய்த பொய்யாக நிற்காது, எங்கள் தெருவே அப்படித்தான் என்று ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் வருஷா வருஷம் எனக்குச் சாக்காக உதவியதும் அதுதான்.

ஒவ்வொரு தடவை கார் போன பிறகும் பாய் என்னைப் பார்ப்பார். நான் எண்ணெயைப் பார்ப்பேன். இப்படி ஏழு வருஷம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், திருவிழாக் காலம்கூட இல்லை, அந்த அம்மா தனியாக வந்தார். மருமகன் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பஜ்ஜி வேண்டாம் என்றார். ரொம்ப மெலிந்திருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. பாய் அந்தப் பக்கம் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் எதிரில் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். நான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன்.

“முத்து, நான் பெரிய நோன்பு ஒண்ணு எடுக்கப் போறேன்பா. அதுக்கு முன்னால யார் யார் மனச நோகடிச்சேனோ அவங்ககிட்டல்லாம் போய்க் கேட்டுக்கினு வர்றேன். மொத மொதல்ல வந்தப்ப உன்னை மூணு வாட்டி கேட்டேன். சத்தியம் பண்ணச் சொன்னேன். பசிச்சு வந்தவங்களுக்குப் போட்டவனப் போய் சந்தேகப்பட்டேன். அது இத்தினி வருஷமா என் மனசுல உறுத்திக்கினே கெடக்குது. என்னை மன்னிச்சுடுப்பா.”

பாய் கரண்டியைப் போட்டது போட்டபடி திரும்பி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மீனின் சடசடப்பு அடங்கி முணுமுணுப்பு வந்தது. அதுவும் அடங்கியது. மீன் கருக ஆரம்பித்த வாசனை வந்தது. பாய் அதை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் யார் கொடுக்கப் போகிறார்கள். அவர் காலில் விழுந்திருக்கலாம். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான் அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அவர் மனசில் உறுத்தியது அப்போதே போயிருக்கும். உண்ணாமல் இருந்து உயிர் விடுகிற நோன்புக்குப் போகிறவரிடம் அதைச் சொல்லி அவரை நோகடிக்க வேண்டுமா என்று ஒரு நல்ல நினைப்புப்போல என்னவோ வந்தது. அது நல்ல நினைப்பு இல்லை, பழைய பயம்தான்.

“மன்னிச்சுட்டேங்கம்மா” என்றேன். “போய்ட்டு வாங்க.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். நல்லா இருப்பா என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். கார் வடக்கே போய் மறைந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

பாய் கருகிய மீனை எடுத்துத் தொட்டியில் போட்டார். கையைக் கழுவினார். இருபது தப்படி நடந்து வந்து, வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்து, உதறி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். நான் அவரிடம் இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்தேன், அந்த அடுப்பை மறுபடியும் மூட்டச் சொல்லவில்லை. மீன் தொடாதவர்கள் யாராவது வந்தால், உங்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை என்று தானே போய்ச் சொல்லி அனுப்பிவிடுவார்.

செயலாளர் கேட்ட கட்டுரை இது இல்லை என்று எனக்குத் தெரியும். போட இஷ்டமில்லை என்றால் கிழித்துப் போடட்டும். பத்மா இருக்கிறாளோ இல்லையோ, அன்றைக்கு அவள் வயிற்றில் இருந்த பெண்ணுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இது அவள் கண்ணில் பட்டால், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்பதாக நினைக்க வேண்டாம். அதைக் கேட்கிற வாயால் நான் அவள் பாட்டியை மன்னித்து அனுப்பிவிட்டேன்.